‘வேண்டும்’ என்னும் சொல்லும் ஒன்றரை இலட்ச ரூபாய்க் கணினியும்

தமிழில் ‘வேண்டும்’ என்னும் வினை விருப்பத்தையும் தேவையையும் ஒருசேரச் சுட்டும். ‘எனக்கு ஒரு கணினி வேண்டும்’ என்கிறவர் அதற்கு ஆசைப்படுகிறாரா, அஃதின்றி அவர் வேலை நடவாதா என்பதைச் சூழலிலிருந்துதான் அறிய முடியும். மொழியியல் வகுப்பில் இது சுவையான எடுத்துக்காட்டு. கணினிச் சந்தையில் இதுவே வணிகம். வீட்டில் தடங்கலின்றிக் காணொளித் தொகுப்புச் செய்ய என்ன கணினி வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். டெல்லி நேரு பிளேஸ், சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. சாலை என்று எங்கே கேட்டாலும், யூடியூப் பரிந்துரைகளில் தேடினாலும், நம் துறை மூத்தவர்களிடம் விசாரித்தாலும் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது: ‘4கே எடிட்டிங் என்றால் நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும், ஒன்றரை இலட்சமாவது ஆகும்.’ இவ்விடை தவறானது. நம் போன்றோருக்கு அது தீங்கும் செய்கிறது என்பதே இப்பதிவின் வாதம்.

‘நம் போன்றோர்’ என்று நான் குறிப்பது களப்பணி செய்யும் மொழியியல், மானிடவியல், நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மாணவர்களை. யுஜிசியின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அத்தகுதி இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்வோருக்குக் கிடைப்பது மாதம் 8,000 ரூபாய். உண்ணாமல் உறங்காமல் அத்தொகையை முழுவதும் சேர்த்தாலும் ஒன்றரை இலட்சத்தை எட்டப் பத்தொன்பது மாதங்கள் ஆகும். இப்படிப்பட்டவரிடம் ‘அந்தக் கணினி இல்லாமல் தொடங்காதே’ என்று சொல்வது, ‘தொடங்காதே’ என்று சொல்வதற்கு நிகரானது.

தொடங்காமல் இருப்பதன் விலை என்ன? 2010 ஜனவரியில் அந்தமானில் போவா சீனியர் என்னும் முதியவள் இறந்தார். அகா-போ மொழியைப் பேசிய கடைசி மனிதர் அவர். பேராசிரியர் அன்விதா அப்பியும் குழுவினரும் அவரிடம் எடுத்த பதிவுகளின் வழியாகவே இன்று அக்குரலை நாம் கேட்க முடிகிறது. பத்தாயிரத்துக்கும் குறைவானோர் பேசும் மொழிகளை ஆவணப்படுத்தவென்று மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் வழியாக ஒன்றிய அரசு 2013இல் ஒரு திட்டத்தையே தொடங்கியது. பதிவு செய்வதில் இன்று நமக்குப் பெரிய தடை இல்லை, கைப்பேசியே போதும். பதிவுக்குப் பின் நடப்பதுதான் சிக்கல். கதை சொன்ன பாட்டியின் இரண்டு மணி நேரக் காணொளி தொகுக்கப்பட்டு, துணையுரை சேர்க்கப்பட்டு, அவர் பேரக்குழந்தைகளின் கைக்குத் திரும்பச் சேர வேண்டும். அது நடப்பதில்லை. ஏன் என்று கேட்டால் வரும் முதல் பதில், ‘என் சிஸ்டத்தில் ஓடாது.’

ஏன் ஓடாது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பார்ப்போம்.

ஒரு 4கே சட்டகத்தின் அளவு 3840 × 2160. ஏறத்தாழ 83 இலட்சம் படப்புள்ளிகள். முழு எச்டி சட்டகத்தைப் போல நான்கு மடங்கு. நொடிக்கு 25 சட்டகம் என்ற கணக்கில், சுருக்கப்படாத 8-பிட் படம் நொடிக்கு ஏறத்தாழ 311 எம்பி ஆகும். நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் பதியும் கைப்பேசி அதை நொடிக்கு ஆறேகால் எம்பியாகச் சுருக்கிவிடுகிறது. அதாவது ஐம்பதில் ஒரு பங்கு. நாம் தொகுப்பு மென்பொருளில் ‘பிளே’ பொத்தானை அழுத்தும்போது, அந்த ஐம்பது மடங்குச் சுருக்கத்தையும் ஒவ்வொரு நொடியும் விரித்தாக வேண்டும். கணினி திணறுவது இங்கே.

சுருக்கம் நிகழும் விதம் இன்னும் முக்கியமானது. எச்.264 (2003), எச்.265 (2013) ஆகிய முறைகளில் எல்லாச் சட்டகங்களும் முழுப்படமாகச் சேமிக்கப்படுவதில்லை. நொடிக்கு ஒன்றோ சில நொடிகளுக்கு ஒன்றோ முழுப்படம். இடையில் உள்ளவை அண்டைச் சட்டகங்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்புகள் மட்டுமே. ‘அவன் வந்தான்’ என்று ஒரு முறை எழுதிவிட்டு, பின்வரும் வாக்கியங்களில் எழுவாயை விட்டுவிடுவதைப் போன்றது இது. வரிசையாகப் படிப்பவருக்குச் சிரமம் இல்லை. நடுவில் ஒரு வாக்கியத்தைப் பிடுங்கிப் படிப்பவர், எழுவாயைத் தேடிப் பின்னோக்கிப் போக வேண்டும். திரைப்படம் பார்ப்பவர் வரிசையாகப் படிப்பவர். படத்தொகுப்பாளரோ நடுவில் பிடுங்குபவர். முன்னும் பின்னும் இழுப்பவர். சொல்லின் முதல் ஒலி எங்கே தொடங்குகிறது என்று சட்டகம் சட்டகமாகத் தேடுபவர். அவர் ஒரு சட்டகத்தைக் கேட்டால் கணினி அதற்கு முந்தைய பல சட்டகங்களையும் விரித்தாக வேண்டியிருக்கிறது. அதனால்தான் பார்க்கும்போது வழுக்கிக்கொண்டு ஓடும் அதே கோப்பு, தொகுக்கும்போது திக்குகிறது.

இதற்கு விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு மருந்தாகுமா? அட்டையின் விலையில் பெரும்பகுதி முப்பரிமாண விளையாட்டுகளுக்கான கணிப்பு மையங்களுக்குப் போகிறது. காணொளிச் சுருக்கத்தை விரிப்பது அவற்றின் வேலை அன்று. அதற்கென்று சில்லில் தனியாக ஒரு சிறு பகுதி உண்டு. அப்பகுதி 2011 முதல் இன்டெல் செயலிகளின் உள்ளமைந்த வரைகலையிலேயே வருகிறது. குயிக் சிங்க் என்று அதற்குப் பெயர். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இன்றைய நல்ல கேமராக்கள் பல எச்.265 முறையில் 10-பிட் 4:2:2 என்னும் வகையில் பதிகின்றன. இன்டெலின் பதினோராம் தலைமுறைச் செயலிகளின் உள்ளமைந்த வரைகலை இவ்வகையை வன்பொருளிலேயே விரிக்கும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரையிலான அட்டைகளுக்கு, அவற்றின் உச்ச விலை எதுவாயினும், அத்திறன் இல்லை. 2025இல் வந்த 50 வரிசையில்தான் அது சேர்ந்தது. ஆனால் கடையில் நடப்பது என்ன? ‘தனியாகக் கார்டு போடுகிறீர்களே, உள்ளமைந்த வரைகலை எதற்கு’ என்று சொல்லி, பெயரின் இறுதியில் ‘எஃப்’ எழுத்துள்ள செயலியை ஓரிரு ஆயிரம் குறைத்துக் கொடுப்பார்கள். அந்த எழுத்தின் பொருள், உள்ளமைந்த வரைகலை நீக்கப்பட்டது என்பது. நமக்கு உதவியிருக்கக்கூடிய ஒரே உறுப்பை எடுத்துவிட்டு, நமக்கு அவ்வளவாக உதவாத ஒன்றுக்குப் பெருந்தொகை வாங்கிக்கொள்ளும் வணிகம் இது.

அடுத்த மந்திரம் ‘அதிவேக என்விஎம்இ’. நொடிக்கு 3,500 எம்பி படிக்கும் என்பார்கள். படிக்கட்டும். நம் கோப்பு கேட்பது நொடிக்கு ஆறேகால் எம்பி. சாதாரணச் சுழலும் ஹார்டு டிஸ்கே நொடிக்கு நூறு எம்பிக்கு மேல் தொடர்ச்சியாகப் படிக்கும். இயங்குதளமும் தொகுப்பு மென்பொருளும் ஏதாவதொரு எஸ்எஸ்டியில் இருப்பது கட்டாயம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சாதாரண எஸ்எஸ்டிக்கும் அதிவேக எஸ்எஸ்டிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை, கைப்பேசிக் காணொளியைத் தொகுப்பவர் கண்ணால் காண மாட்டார்.

எந்த வன்பொருளாலும் தீராத சிக்கலும் ஒன்று உண்டு. கைப்பேசிகள் பெரும்பாலும் மாறும் சட்டக வேகத்தில் பதிகின்றன. வெளிச்சம் குறைந்தால் நொடிக்கு 30 என்பது 24 ஆகலாம், மீண்டும் ஏறலாம். தொகுப்பு மென்பொருள் சீரான வேகத்தை எதிர்பார்க்கிறது. விளைவாக, பத்து நிமிடம் கழித்து உதடு ஒன்று சொல்ல ஒலி வேறொன்று சொல்கிறது. இலான் மென்பொருளில் ஒலியன் அளவுக்கு நேரம் குறித்துக் குறிப்பெழுதும் நம்மைப் போன்றோருக்கு இது அழகியல் குறை அன்று, தரவுப் பிழை. ஐந்து இலட்ச ரூபாய்க் கணினியிலும் இப்பிழை அப்படியேதான் இருக்கும். கோப்பைச் சீரான வேகத்துக்கு ஒரு முறை மாற்றிவிட்டால், பழைய மடிக்கணினியிலும் தீர்ந்துவிடும். ஹேண்ட்பிரேக், எஃப்எஃப்எம்பெக் ஆகிய இலவசக் கருவிகள் இதைச் செய்யும். ஷாட்கட் மென்பொருள் இத்தகைய கோப்பைக் கண்டதும் தானாகவே எச்சரித்து, தொகுப்புக்கு இசைவான வடிவுக்கு மாற்றட்டுமா என்று கேட்கும்.

ஆக, திக்கலுக்கான முதல் மருந்து கோப்பை மாற்றுவது. இதற்குப் புரொக்சி என்று பெயர். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துவிட்டு, ஒவ்வொரு சட்டகத்தையும் முழுப்படமாகவே சேமிக்கும் புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்ற முறைகளில் சிறிய நகல் ஒன்றை உருவாக்கிக்கொள்வது. தொகுப்பு முழுவதையும் நகலில் செய்வது. இறுதி வெளியீட்டின்போது மட்டும் மூலத்துக்கு மாறுவது. புரோரெஸ் புரொக்சி வகையில் முழு எச்டி நகல் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 17 ஜிபி. அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால் அதிலும் கால்பங்குதான் ஆகும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலும், கட்டற்ற மென்பொருளான கேடிஇன்லைவிலும் இவ்வசதி உண்டு. இரவு உறங்கப் போகும்முன் தொடங்கிவிட்டால் காலையில் நகல்கள் ஆயத்தமாக இருக்கும்.

‘இது இல்லாதவர் செய்யும் ஒப்பேற்றல்தானே’ என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். அவர்களுக்குத் திரைப்பட வரலாறு தெரியாது. படச்சுருள் காலத்தில் எந்தத் தொகுப்பாளரும் மூல நெகட்டிவை வெட்டி விளையாடியதில்லை. பாசிட்டிவ் நகலில்தான் வெட்டி ஒட்டினார்கள். எல்லாம் முடிவான பின்னரே நெகட்டிவ் வெட்டப்பட்டது. 1989இல் ஆவிட் வந்து கணினித் தொகுப்பு பரவியபோதும், தரம் குறைந்த நகலில் தொகுத்து, அந்தப் பட்டியலைக் கொண்டு மூலத்துக்குத் திரும்புவதே முறையாக இருந்தது. வால்டர் மர்ச் 2003இல் வெளிவந்த ‘கோல்ட் மவுண்டன்’ படத்தைக் கடையில் எவரும் வாங்கக்கூடிய பவர் மேக் ஜி4 கணினிகளில் தொகுத்தார். அத்தொகுப்பு ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. அக்கணினியின் கணிப்புத்திறன் இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியின் திறனுக்குக் குறைவு. நகலில் தொகுப்பது இத்தொழில் தொடக்கத்திலிருந்து கடைப்பிடித்துவந்த ஒழுங்கு. மூலக் கோப்பை நேரடியாகத் தொகுப்பதுதான் அண்மைக்கால ஆடம்பரம்.

எதிர்வாதங்களை ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. நிறச்சீராக்கத்தைத் தொழிலாகச் செய்பவர், இருட்டில் எடுத்த காட்சியின் இரைச்சலை நீக்குபவர், செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைத் தம் கணினியிலேயே ஓட்டிப் பேச்சை எழுத்தாக்க முயல்பவர் ஆகியோருக்கு வலிமையான கிராபிக்ஸ் கார்டு உண்மையாகவே பயன்படும். வாரம் நான்கு திருமணக் காணொளி முடித்துக் கொடுத்துப் பிழைப்பவருக்கு நேரமே பணம். புரொக்சிக்காக ஓரிரவு காத்திருக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை. நான்கு ஜிபி ரேம் கொண்ட பழைய கணினியில் எல்லாம் நடக்கும் என்று ஏமாற்றவும் மாட்டேன். ஆனால் உட்கார்ந்து பேசும் ஒருவரை ஒன்றிரண்டு கேமராவில் பதிந்து, வெட்டி ஒட்டி, துணையுரை இடுபவர் இவர்களில் யாரும் அல்லர். அவருக்கு அவர்களுடைய பட்டியலை நீட்டுவதுதான் மோசடி.

அவருக்கு உள்ளபடியே என்ன தேவை? உள்ளமைந்த வரைகலையுடன் கூடிய, கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் வந்த நடுத்தரச் செயலி. 16 ஜிபி ரேம். இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. உள்ளமைந்த வரைகலை தனக்கான நினைவகத்தையும் ரேமிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனால் எட்டு ஜிபி விரைவில் நிரம்பிவிடும். மெலிந்த மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னர் கூட்ட முடியாது. வாங்குமுன் கேளுங்கள். ஒரே ரேம் பட்டையைவிட இரண்டு பட்டைகளாகப் போடுவது உள்ளமைந்த வரைகலைக்கு நல்லது. 512 ஜிபி எஸ்எஸ்டி. நாற்பது பாகை தாண்டும் நம் கோடையில், சூடேறினால் செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், காற்றோட்டமுள்ள மேசைக் கணினி அதே விலையிலுள்ள மெலிந்த மடிக்கணினியைவிடத் தொகுப்புக்கு நம்பகமானது. பயன்படுத்திய அலுவலகக் கணினி ஒன்றை வாங்கி ரேமைக் கூட்டினாலும் இப்பட்டியல் நிறைவேறும். இவ்வளவுதான். ஒன்றரை இலட்சத்துக்கு வெகு கீழேயே கணக்கு முடிந்துவிடுகிறது.

மிஞ்சும் பணம் எங்கே போக வேண்டும்? என் சினம் முழுவதும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. நாற்பது மணி நேரக் களப்பதிவு, மேற்சொன்ன 50 மெகாபிட் கணக்கில், 900 ஜிபி ஆகும். அதற்கு மூன்று நகல்கள் இருக்க வேண்டும். இருவேறு வகை ஊடகங்களில். அவற்றில் ஒன்று வேறோர் ஊரிலோ வேறொரு கட்டடத்திலோ. ஒளிப்படக் கலைஞர்களும் ஆவணக் காப்பாளர்களும் நெடுநாளாகச் சொல்லிவரும் எளிய விதி இது. நம் துறைகளில் இதைக் கடைப்பிடிப்போர் எத்தனை பேர்? மின்னும் விசிறிகளும் பெரிய கார்டும் பொருத்திய கணினி மேசைமேல் இருக்கும். அதனுள் ஒரே ஒரு வட்டில், நகலின்றி, ஒரு மொழியின் கதைகள் கிடக்கும். மின்சாரம் சட்டென்று நின்று திரும்பும் ஊரில் அதற்கு யுபிஎஸ்கூட இருக்காது. ‘எஸ்எஸ்டியில்தான் வைத்திருக்கிறேன், பாதுகாப்பானது’ என்பார்கள். மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடக்கும் எஸ்எஸ்டி தன் தரவை இழக்கக்கூடும்; நெடுங்காலக் காப்புக்கென்று அது செய்யப்படவில்லை. கார்டுக்குக் கொடுக்கும் தொகையில் இரண்டு மூன்று வெளி ஹார்டு டிஸ்குகளும் ஒரு யுபிஎஸ்ஸும் வாங்கிவிடலாம். கார்டு பழுதானால் வேறொன்று கடையில் கிடைக்கும். இறந்துவிட்ட ஒருவரின் பேச்சு அழிந்தால் எந்தச் சந்தையிலும் கிடைக்காது.

கொள்முதல் குழுக்களில் அமரும் பேராசிரியர்களுக்கும் ஒரு சொல். நிதியாண்டு முடியும் மார்ச்சில், செலவழித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் கேட்கப்படும் விலைப்புள்ளிகளில் ‘உயர்தரக் காணொளித் தொகுப்புப் பணிநிலையம் – 1’ என்ற வரி இருக்கிறது. ‘காப்புநகல் வட்டு’ என்ற வரி இருப்பதில்லை. ஒரே ஒரு பெரிய கணினியை வாங்கிப் பூட்டிய அறையில் வைத்துச் சாவியை அலுவலகத்தில் கொடுப்பதைவிட, அதே தொகையில் மூன்று எளிய கணினிகளையும் ஆறு வட்டுகளையும் வாங்கி மாணவர் கையில் கொடுங்கள். அவற்றோடு இரண்டு நாள் பயிற்சியும் வையுங்கள். கோடெக் என்றால் என்ன, புரொக்சி என்றால் என்ன, சட்டக வேகத்தை எப்படிச் சீராக்குவது என்ற மூன்றே பாடங்கள். முதுகலைப் பாடத்திட்டத்தில் களப்பணிக்கென்று ஒரு தாளே இருக்கிறது. கோப்பு வடிவங்களுக்கு அதில் ஒரு வகுப்பு ஒதுக்கக்கூடாதா?

கடைசியாக, சக ஆய்வாளர்களுக்கு. ‘சிஸ்டம் இல்லை’ என்பது நமக்கு வசதியான பதிலாகிவிட்டது என்று நினைக்கிறேன். நம் ஆய்வேட்டுக்கு வேண்டிய எழுத்துப்பெயர்ப்பை எப்படியோ அதே கணினியில் செய்து முடித்துவிடுகிறோம், கட்டுரையும் வந்துவிடுகிறது, பட்டமும் வந்துவிடும். தொகுத்த காணொளியை ஊருக்குத் திருப்பிக் கொடுப்பது மட்டும் நல்ல கணினிக்காகக் காத்திருக்கிறது. வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் கேமராவைத் திறந்தோம். அந்த வாக்கை நிறைவேற்றத் தேவைப்படுவது, கையில் இருக்கும் கணினியும் ஓர் இரவு புரொக்சி உருவாக்கப் பொறுமையும். அந்த ஊர்ப் பிள்ளைகளும் தம் மொழியில் தாமே காணொளி தொகுக்க விரும்புகிறார்கள். ‘ஒன்றரை இலட்சம் வேண்டும்’ என்னும் பொய்யை அவர்களிடம் முதலில் கொண்டுசேர்ப்பவர்கள் நாமாக இருக்கக்கூடாது.

இவ்வாரம் உங்களிடமுள்ள ஏதாவதொரு களப்பதிவை எடுத்து, நகல் உருவாக்கி, பத்து நிமிடம் தொகுத்துப் பாருங்கள். அப்போதும் திக்கினால் இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம். எழுதும்போது கிராபிக்ஸ் கார்டின் பெயரைச் சொல்லாதீர்கள். கோப்பு எந்தக் கோடெக், எத்தனை பிட், நொடிக்கு எத்தனை சட்டகம் என்று சொல்லுங்கள்.